பதினான்காம் நம்பர் டோக்கன்

சாம்பியன் ரீப்ஸ்
ஜனவரி 12, 2025

ஐடா,

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உன் கடிதம் வந்தது. கூடவே உன் மகள் ஜெனிட்டா அச்சடித்த, நம் படகுப் பள்ளியின் இரண்டு பக்க வரலாறும். பள்ளிக்கு இந்த ஜூலையில் அறுபது வருஷம் ஆவதால் அதை இணையத்தில் போடப்போகிறீர்கள் என்றும், பிழை இருந்தால் நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். பிழை இருக்கிறது.

நம் அப்பா ஆர்தர் பேத்தமங்களா ஏரியில் பாய்மரப் படகுப் பள்ளியை 1965-ல் தொடங்கினார். அதை ஒரே வரியில் முடித்துவிட்டு, கோவளத்தில் நீங்கள் பள்ளியைத் தொடர உன் வீட்டுக்காரர் ஹரோல்ட் படகு வாங்கிய கதைக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹரோல்டுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் ஆறு மாதம் அவர் காற்று வரும் பக்கமே உட்கார மாட்டார்.

ஆங்கிலேய அதிகாரி ஒருவர் நம் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தார் என்று இருக்கிறது. எந்த அதிகாரி? பெயர் சொல். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பதினோரு முறை கவிழ்ந்து நானாகக் கற்றேன். அட்டை இல்லாத ஒரு பழைய புத்தகத்தில் படங்களைப் பார்த்து அம்புக்குறி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தேன். பன்னிரண்டாவது முறை கவிழவில்லை.

அதில் போட்டிருக்கும் போட்டோவில் சுக்கான் பிடித்திருப்பது நீ இல்லை. என் மனைவி ஆனி. அவள் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவள் முகம்கூட மறந்துவிட்டதா?

கடைசியாக ஒன்று. ‘ஏரியில் நீர் குறைந்ததால் 1986-ல் பேத்தமங்களா பள்ளி நின்றது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கோடி வழியே வழிந்தது. பள்ளி ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும். எழுதினால் அதை எழுது. இல்லையென்றால் வரலாறு என்று தலைப்புப் போடாதே.

ஏனோக்


கோவளம்
ஜனவரி 29, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் என் சுகத்தைக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், சுகம்தான். முழங்கால் மட்டும் படியேற விடுவதில்லை. போன் செய்தால் உங்களுக்குக் கேட்காது என்பதால்தான் கடிதம். கேட்டாலும் எடுக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

ஆனி அண்ணியின் படத்தைத் திருத்தச் சொல்லிவிட்டேன். அது என் தவறு. அந்தத் தொப்பி என்னுடையது, அதனால் நான்தான் என்று நினைத்துவிட்டேன். ஆங்கிலேய அதிகாரியையும் எடுத்துவிட்டோம். அவரைக் கொண்டுவந்து வைத்தது ஜெனிட்டா. “ஒரு வெள்ளக்காரன் இருந்தா நல்லாருக்கும்மா” என்றாள்.

நீர் குறைந்தது என்று எழுதியது நான். 1986-ல் நம் மாணவன் ஒருவன் இறந்தான் என்று போட்டால், எந்த அப்பா அம்மா பிள்ளையை அனுப்புவார்கள் என்று ஜெனிட்டா கேட்டாள். அதற்காக மட்டும் நான் எழுதவில்லை. மனோகரின் பெயரை எழுதினால் அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். பேத்தமங்களா பள்ளியின் வரலாற்றை நீங்களே எழுதுங்கள். 1965 முதல் 1986 வரை. மனோகர் எப்படிப் போனான் என்பதையும் சேர்த்து. ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போடுகிறேன். ஜெனிட்டாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். ஜூன் மாதத்துக்குள் வேண்டும்.

உங்கள் தங்கை
ஐடா


சாம்பியன் ரீப்ஸ்
பிப்ரவரி 20, 2025

ஐடா,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நாலாம் வகுப்புக்கு மேல் என்னை யாரும் படிக்க வைக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்படியே போடு.

எங்கள் அப்பா ஆர்தர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மரவேலைக்காரர். பூமிக்கடியில் கூரை இறங்காமல் முட்டுக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்களா ஏரிக்குப் போய் துரைமார்களின் படகுகளுக்குப் பலகை மாற்றிக் கொடுப்பார். துரைமார்கள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு படகுகள் கொட்டகையிலேயே கிடந்து உளுத்தன. அவற்றை அப்பா கேட்டு வாங்கினார். சுரங்கத்தில் கழித்துப்போட்ட மரத்தில் பலகை அறுத்தார். உள்ளே காற்று அனுப்பும் கித்தான் குழாய் கிழிந்தால் வீசிவிடுவார்கள். அதைப் பிரித்து அம்மா பாய் தைத்தாள். காக்கி நிறம். நனைந்தால் இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

முதல் மாணவர்கள் எல்லாரும் ஷிப்ட் முடித்து வந்தவர்கள். “உனக்கு இன்னாத்துக்குப்பா கப்பலு?” என்று குடியிருப்பு லைனில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சொன்னார், “வாரம் ஆறு நாளு மெஷின் அனுப்புற காத்த இழுக்கறோம். ஏழாம் நாளு சும்மா வர்ற காத்த இழுப்போம்.” பாயின் அடியில் இருக்கும் கட்டை திடீரென்று பக்கம் மாறும்போது புதிய ஆள் தலையில் அடிபடுவான். நம் ஆட்களுக்கு அடிபட்டதே இல்லை. தாழ்ந்த கூரையில் வேலை செய்து குனிந்தே பழகியவர்கள்.

இன்னொன்று, வேறு எந்தப் படகுப் பள்ளியிலும் இல்லாதது. அப்பா சுரங்கத்து வழக்கத்தைக் கரைக்குக் கொண்டுவந்தார். கேஜில், அதாவது சுரங்க லிப்டில், இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் நம்பர் பித்தளை டோக்கனை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேடப் போவார்கள். நம் கொட்டகையிலும் அதே போல இருபது டோக்கன். தண்ணீரில் இறங்குகிறவன் எடுக்க வேண்டும், கரையேறினவன் மாட்ட வேண்டும். பேத்தமங்களா பிள்ளைகள் படகை எதிர்க்கரையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் டோக்கன் நடந்தாவது திரும்பி வர வேண்டும். இருபத்தொரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் நடத்தினோம். அப்பா 1978-ல் நெஞ்சுச்சளி முற்றிப் போனார். அதற்குப் பிறகு நான். ஞாயிற்றுக்கிழமை பலகையைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

எண்பத்தாறு ஜூலை வரை எழுதிவிட்டேன். மீதி உனக்குத் தெரியும். பலகை உன் பொறுப்பில் இருந்தது. நீயே எழுது.

இந்தத் தெருவில் காலை ஐந்து மணிக்கு எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறார்கள். ராத்திரிதான் வருகிறார்கள். பகலில் நானும் ஒரு மாடும்தான். எழுத நேரம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். வேறு எதற்கும் இல்லை.

ஏனோக்


கோவளம்
மார்ச் 11, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதை ஜெனிட்டாவிடம் வாசித்துக் காட்டினேன். கித்தான் குழாய்ப் பாய் அவளுக்குத் தெரியாது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னோடு சண்டை. அம்மா தைக்கும்போது ஊசி உடைந்து உடைந்து, கடைசியில் கோணி ஊசியில் தைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மீதியை நீயே எழுது என்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அன்று மனோகர் பதினான்காம் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு சின்னப் படகில் தனியாகப் போனான். பத்தொன்பது வயது. சாயங்காலம் காற்று திடீரென்று மாறியது. எல்லாரும் திரும்பினார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் பாய்களை மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இருபது டோக்கனும் பலகையில் இருந்தன. நீங்கள் கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சுரங்க ஷிப்டுக்குப் போனீர்கள். மறுநாள் காலை மதகுப் பக்கம் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

நான் அந்த டோக்கனை மாட்டவில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நான் ஒவ்வொரு டோக்கனையும் வாளித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மாட்டுவேன். மறுநாள் அந்தப் பதினான்கை எடுத்துப் பார்த்தேன். அதில் சேறு காய்ந்திருந்தது.

அண்ணா, உங்களிடம் போலீஸ்காரர் கேட்டார், பாதிரியார் கேட்டார், மனோகரின் அம்மா மண்ணை வாரி வீசிக்கொண்டு கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னீர்கள். “ஞாயித்துக்கெழம போர்டு ஐடா கையிலதான்.” அதற்குப் பிறகு கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் நானும் ஹரோல்டும் ஜெனிட்டாவும். தண்ணீர்க் குழாயில் குடம் வைத்தால், “டோக்கன் மாட்டிவுட்ட மவராசி வந்துட்டாடி, வழி வுடுங்க” என்பார்கள். அடுத்த வருஷம் நாங்கள் கிளம்பினோம். அப்பாவின் அந்த இரண்டு படகையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன் என்று நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவற்றை நீங்கள் கோடாலியால் பிளக்கப் போனீர்கள். அதனால் எடுத்துப் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹரோல்ட் போனபோது தந்தி போலச் சுருக்கமாகச் சொல்லி ஆள் அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. அதையும் விட்டுவிடுகிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு. உங்களிடம் ஒரே ஒரு வரிதான் கேட்கிறேன். அந்த டோக்கனை யார் மாட்டியது? தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள், அதையும் போடுகிறேன். நான் மாட்டியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். என் பள்ளியின் பக்கத்தில், என் பெயருக்கு எதிரே போடுகிறேன்.

ஐடா


சாம்பியன் ரீப்ஸ்
ஏப்ரல் 4, 2025

ஐடா,

நான் எழுதியதை எல்லாம் எடுத்துவிடு. கித்தான் பாய், அப்பா, டோக்கன், எதுவும் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். ஹரோல்ட் தொடங்கினார் என்றே போட்டுக்கொள்.

போலீஸ் கேட்டது பலகை யார் பொறுப்பு என்று. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அது பொய் இல்லை.

இனி எழுதாதே.

ஏனோக்


கோவளம்
மே 2, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். சில வரிதான்.

நீங்கள் எழுதியதை எடுக்க மாட்டேன். 1985 வரை அப்படியே இருக்கும். 1986 என்று போட்டு அதன் கீழே இடம் விட்டிருக்கிறோம். ஜூலையில் அது காலியாகவே வெளிவரும்.

பார்க்கிறவர்கள் அதை என்னவென்று நினைத்துக்கொள்வார்களோ, நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பழக்கம்தான்.

ஐடா


சாம்பியன் ரீப்ஸ்
ஜூன் 9, 2025

ஐடா,

போன செவ்வாய்க்கிழமை பேத்தமங்களாவுக்குப் பஸ்ஸில் போனேன். முப்பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. மனோகரின் அக்கா பார்வதம்மா இருக்கிறார்களா என்று டீக்கடையில் விசாரித்தேன். தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறார்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தைந்து இருக்கும்.

“யாரு வோணும் பெரியவரே?” என்றார்கள். எனக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் காட்டினேன். எழுந்து வந்து கத்தினார்கள். நான் ஏனோக், படகு ஸ்கூல் ஏனோக் என்றேன். கூடையைக் கீழே வைத்தார்கள். நாற்காலி போடவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். சுரங்கத்தில் டிரில் பிடித்துப் பிடித்துச் செத்த காது. என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், எதிர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான். பால் வண்டிக்காரன் நிற்கிறான். கன்னடக்காரப் பெண் ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் “ஏனந்தே?”, என்னவாம் என்று கேட்கிறாள், அவள் மொழிபெயர்த்துச் சொல்கிறாள். தெருவே கேட்டுவிட்டது.

பார்வதம்மா என் காதருகே வந்து கேட்டார்கள், “இத்த சொல்றதுக்கு இத்தினி வருசமா?”

அவர்களே மறுபடி பேசினார்கள்.

“அந்தம்மாவ எங்கம்மா திட்டாத நாளு கெடையாது. சாவுற அன்னிக்குக்கூட திட்டிச்சி. அந்தம்மா உசுரோட கீறாங்களா?”

“இருக்கா. மெட்ராஸ் பக்கம்.”

“அப்போ எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? போ. அங்க போயி சொல்லு.”

மரியாதையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஏரிக்கரையில் உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் காலி இடத்துக்குக் கீழே இருப்பதைப் போடு. ஓர் எழுத்து மாற்றக்கூடாது என்று நீதான் சொன்னாய்.

*1986, ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் காற்று மாறியதும் எல்லாரையும் கரைக்குக் கூப்பிட்டேன். படகுகளை இழுத்துக் கட்டும்போது தண்ணீர் ஓரத்தில், சேற்றில், ஒரு டோக்கன் கிடந்தது. கயிறு அறுந்திருந்தது. நம்பர் 14. சுரங்கத்தில் ஒரு டோக்கன் மேலே கிடந்தால் ஆளும் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம். யார் கண்ணில் பட்டாலும் எடுத்து மாட்டுவார்கள். அதுதான் வழக்கம். மனோகர் எதிர்க்கரையில் படகை விட்டு நடந்து வந்து இங்கே தவறவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். டோக்கனைப் பலகையில் மாட்டினேன். சுரங்கத்தில் யாரும் முழங்கால் தண்ணீரில் நின்று கேஜைத் தள்ளிக்கொண்டு கிளம்புவதில்லை. படகில் கிளம்பும்போதே கயிறு அறுந்து டோக்கன் விழலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. இருபத்தொரு வருஷம் பாய்மரம் ஓட்டியும் தோன்றவில்லை.*

*என் தங்கை ஐடா வந்து, “அண்ணா, மனோகர் வரலையே” என்று கேட்டாள். “போர்டு ஃபுல்லா இருக்குது பாரு” என்று சொல்லி, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போனேன். ஒரு படகை இறக்கித் தேட வெளிச்சம் இருந்தது. நான் பலகையைப் பார்த்தேன், ஏரியைப் பார்க்கவில்லை. மனோகர் இறந்தான். டோக்கனை யார் மாட்டினார்கள் என்று என்னை யாரும் நேராகக் கேட்கவில்லை, பலகை யார் பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு என் தங்கையின் மேல் பழி விழ விட்டேன். பள்ளி அன்றோடு நின்றது.*

இவ்வளவுதான். மன்னிப்பு என்று எதுவும் எழுதவில்லை. முப்பத்தொன்பது வருஷம் அந்தப் பழியைச் சுமந்தவளிடம் அந்தச் சொல்லை எப்படி நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹரோல்ட் பற்றிய ஒன்றரைப் பக்கம் அதிகம்தான். அதில் மாற்றமில்லை.

ஏனோக்


கோவளம்
ஜூன் 27, 2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீங்கள்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிடுவேன். நம் அண்ணன் அப்படிச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது தெரியாமலே இருந்திருந்தால் உங்களைக் கொஞ்சம் பிடித்திருக்கும். இப்போது எப்படி என்று தெரியவில்லை. பொய் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு வராது.

ஜெனிட்டா படித்துவிட்டு அழுதாள். கடைசி வரிகளைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். ஜூலைக்குக் காத்திராமல் நேற்றே பக்கத்தை வெளியிட்டுவிட்டோம். புதிதாகச் சேர வந்த ஒரு பெண்ணின் அப்பா முழுவதையும் கைபேசியில் படித்தார். “இப்ப எப்படிங்க கணக்கு வைக்கிறீங்க?” என்று கேட்டார். ஆளை எண்ணுவோம், கண்ணால் முகத்தைப் பார்த்து எண்ணுவோம், எண்ணி முடியும்வரை ஒரு படகு தண்ணீரிலேயே இருக்கும் என்று சொன்னேன். பெண்ணைச் சேர்த்துவிட்டுப் போனார்.

ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்றை மாற்றிவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் வந்து கேட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். படிப்பவர்கள் ஒரு முறை கேட்டேன் என்று நினைப்பார்கள். நான் ஒரு முறை கேட்கவில்லை. படகுகளைக் கட்டும்போது கேட்டேன். நீங்கள் பூட்டும்போது கேட்டேன். சைக்கிளை எடுக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ‘மூன்று முறை கேட்டாள்’ என்று மாற்றியிருக்கிறேன்.

ஐடா


சாம்பியன் ரீப்ஸ்
ஜூலை 3, 2025

ஐடா,

மூன்று தப்பு. நான்கு.

நான் சைக்கிளில் ஏறி மிதித்துக் கரை திரும்பும் இடத்துக்குப் போன பிறகு, பின்னாலிருந்து ஒரு முறை கூப்பிட்டாய். “அண்ணா” என்று மட்டும். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான்கு என்று போடச் சொல்.

ஏனோக்